சாவி யார் கையில்?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் என்ன கேட்பீர்கள்? 'அட்வான்ஸ் எவ்வளவு, நல்ல தண்ணி வருமா?' அவ்வளவுதானே! 'ராத்திரி தீப்பிடிச்சா எப்படி வெளியே போறது?' என்று கேட்டதுண்டா?

நம் தூத்துக்குடியில் மாடிப் போர்ஷன் என்றால் பெரும்பாலும் ஒரே படிக்கட்டு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. கீழே கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை வீட்டுக்காரர் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். உப்புக்காற்றில் பூட்டும் துருப்பிடித்திருக்கும். திருடனுக்குப் பயப்படுவது நியாயம்தான். தீ வந்தால்?

நம் கடற்கரையிலேயே இருக்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். ஓட வழியில்லை.

வைத்தியனாகச் சொல்கிறேன், தீ சுடும் முன்பே புகை ஆளை மயக்கிவிடும். சாவி தேட நேரமிருக்காது.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மின் ஒயரிங் பராமரிப்பை வீட்டுக்காரர் கணக்கில் எழுதியிருக்கிறது. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். கேட் சாவியில் ஒன்றை வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள். படிக்கட்டில் சைக்கிள், சாக்குமூட்டை வேண்டாம்.

வீட்டுக்காரர்களே, நீங்கள் வாங்கும் வாடகை நாலு சுவருக்கு மட்டுமல்ல, வெளியே போகும் வழிக்கும் சேர்த்துத்தான்!