கட்டாத கடிகாரம்

என் தம்பி மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறான். ஸ்விட்சர்லாந்தில் செய்தது, கடலில் முக்குளிப்பவர்களுக்கென்று அமைந்த எஃகுக் கடிகாரம். புதிதல்ல. ஒருவர் வாங்கி, கைமாறி, 2022-ஆம் வருஷத் தொடக்கத்தில் இவனிடம் வந்து சேர்ந்தது. அதற்காகத் தவணைக் கடன் வேறு. வாங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு தடவைகூட அவன் அதைக் கட்டிக்கொண்டதில்லை.

"ஏண்டா, கட்டிக்கொள்ள வாங்கினாயா, பூஜையில் வைக்க வாங்கினாயா?" என்று கேட்டேன்.

"கட்டினால் கோடு விழும், பெரியப்பா. கோடு விழுந்தால் விலை விழும்" என்றான்.

பின்புறத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் உரிக்கவில்லை. அவனுக்கு முன்னால் வைத்திருந்தவரும் உரிக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது பையன் முகத்தில் ஒரு பெருமை! அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறான்.

பழைய சாமான் வாங்குவதை நான் இழிவாகச் சொல்ல வரவில்லை. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன் அங்கே வாங்கிய புத்தகங்கள்தாம் என்னை எழுத வைத்தன. ஆனால் பழைய சாமானுக்கு ஒரு நியாயம் உண்டு. ஒருவன் அனுபவித்தது போக மிச்சத்துக்குத்தான் அடுத்தவன் விலை கொடுப்பான். இந்தக் கடிகார வியாபாரத்திலோ அந்த நியாயம் தலைகீழாகிவிட்டது. பெயர் பெற்ற சில வகைகள் கடையில் கேட்டவுடன் கிடைப்பதில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறை வந்தவர் வாங்கி, கையில் கட்டாமலே, கடை விலைக்கு மேல் வைத்து விற்கிறார். சினிமாக் கொட்டகை வாசலில் 'பிளாக்'கில் டிக்கெட் விற்பவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம், ஐயா? அந்த டிக்கெட்டை வாங்கியவனாவது உள்ளே போய்ப் படம் பார்க்கிறான்!

இவை எதற்காகப் பிறந்த கடிகாரங்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். ரோலெக்ஸ் கம்பெனியார் 1953-ல் செய்த 'சப்மரீனர்' நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று வந்தது. தண்ணீருக்கடியில் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று முக்குளிப்பவன் கணக்குப் பார்ப்பதற்காகவே அதன் விளிம்பு வளையம் சுழல்கிறது. 1963-ல் வந்த 'டேடோனா' பந்தயக் கார் ஓட்டுகிறவன் வேகத்தை அளப்பதற்கு. அடிபடவும் நனையவும் பிறந்த ஜாதி இது. 1972-ல் இன்னொரு கம்பெனி 'ராயல் ஓக்' என்ற எஃகுக் கடிகாரத்துக்குத் தங்கத்தின் விலையை வைத்தது. உழைப்பாளியை மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார வைத்த வேலை அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம்.

பால் நியூமன் என்ற ஹாலிவுட் நடிகரின் கதையைச் சொல்லுகிறேன். அவர் மனைவி ஜோன் உட்வர்ட், ஜாக்கிரதையாக வண்டி ஓட்டும்படி பின்புறத்தில் பொறித்து, அவருக்கு ஒரு டேடோனா வாங்கித் தந்தார். அந்த மாதிரி முகப்பு அந்தக் காலத்தில் அவ்வளவாக விலை போகாத சரக்கு. நியூமன் அதைக் கட்டிக்கொண்டே பல வருஷம் கழித்தார். 1984-ல் மகளின் சிநேகிதன் ஒருவன் அவர் வீட்டில் ஏதோ மரவேலை செய்துகொண்டிருந்தான். நியூமன் மணி கேட்டார். தன்னிடம் கடிகாரம் இல்லை என்றான் பையன். கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்குப் போயிற்று. அத்தனை விலை எப்படி வந்தது? ஒருவர் கட்டியதால் வந்தது. பெட்டியில் பூட்டியதால் அல்ல.

"பெரியப்பா, இது முதலீடு" என்கிறான் பையன். நிலம் வாங்கினால் நெல் விளையும். பங்கு வாங்கினால் லாபம் பிரிப்பார்கள். கடிகாரம் தருவது மணி ஒன்றுதான். அதையும் இவன் வேண்டாமென்கிறான்! மணிக்கட்டு அசைய அசைய இந்தக் கடிகாரத்துக்குச் சாவி ஏறும். பாங்கு லாக்கரில் வைத்த இரண்டு மூன்று நாளில் அது நின்று போயிற்று. இவன் வாங்கிச் சில வாரத்தில் சந்தை உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிட்டது. விற்றால் நஷ்டம், கட்டினால் இன்னும் நஷ்டம் என்று காலையில் எழுந்ததும் விலை பார்க்கிறான். தவணை மட்டும் தவறாமல் போகிறது. அவன் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கைமாறிய கடிகாரம் வாங்கத்தான் வேண்டுமானால் கோடு விழுந்ததாகப் பார்த்து வாங்குங்கள். மெருகு போட்டுப் போட்டு மூலைகள் மழுங்கியது வேண்டாம், உலோகமே தேய்ந்திருக்கும். நம்பகமான ரிப்பேர்க்காரர் முன்னால் முதுகைத் திறக்கச் சொல்லுங்கள். முகப்பு ஒன்று, முள் வேறொன்று, உள்ளே இயந்திரம் மற்றொன்று என்று ஒட்டுப்போட்ட சரக்கும் உலவுகிறது. ரப்பர் வளையங்கள் வருஷக் கணக்கில் காய்ந்து போயிருக்கும். சோதிக்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் கட்டிக்கொண்டு போய் மார்க்கெட்டில் கறிகாய் வாங்குங்கள்!

பையனிடம் அந்தத் தாளை உரிக்கச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். கையில் ஒன்றுமில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதா என்று என்னைக் கேட்டான்.