மோட்டார் சாவியும் பெற்றோர் கடமையும்

இந்தப் பகுதியில் வழக்கமாக இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, பூச்சி மருந்து என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். "அது போலீஸ் பார்க்கிற வேலையாச்சே, டிரசருக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கக்கூடும். முட்டி உரிந்து, கை மடங்காமல் டிஸ்பென்சரி வாசலில் வந்து நிற்கிற பையனுக்கு மருந்து கட்டுவது போலீஸ் இல்லையே ஐயா!

2023-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அதிலும் நாம் இருப்பது மலை. கம்போங் ராஜாவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வளைவு, இறக்கம், மூடுபனி. காய்கறி லாரி சிந்திய சேறு ரோட்டில் கிடக்கும். சனி ஞாயிறானால் வெளியூர்க் கார்கள் வேறு. 2010 டிசம்பர் 20-ஆம் தேதி சிம்பாங் பூலாய் ரோட்டில் தாய்லாந்துப் பயணிகளை ஏற்றிவந்த பஸ் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் கையில் இருந்த வண்டிக்கே அந்தக் கதி. அதே ரோட்டுக்குத்தான் நாம் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அனுப்புகிறோம்.

நாம்தான் கொடுக்கிறோம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விபத்து நடந்த பிறகு, "இந்தக் காலத்துப் பசங்க சொன்னா கேக்கிறானுங்களா?" என்கிறோம். ஆனால் முதன்முதலில் அவனை வண்டியில் ஏற்றியது யார்? "தம்பி, ஸ்டோருக்குப் போயி சீனி வாங்கிட்டு வாய்யா" என்று அம்மா அனுப்புகிறார். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று பாட்டி அனுப்புகிறார். "லயத்துக்குள்ளதானே ஓட்டுறான், பெரிய ரோட்டுக்குப் போக மாட்டான்" என்று சமாதானம். லயத்து ரோடு எங்கே முடிகிறது, பெரிய ரோடு எங்கே தொடங்குகிறது என்று பையன் அளந்து பார்த்து நிற்பதில்லை. லேண்ட்ரோவர் விஷயமும் இப்படித்தான். கால் பிரேக்கை எட்டினால் போதும், ஓட்டத் தெரிந்தவன் என்று தட்டிக்கொடுக்கிறோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பதினாறு வயது, காருக்குப் பதினேழு வயது ஆகியிருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவன் மட்டுமல்ல, அவனை ஓட்ட விட்டவரும் குற்றவாளி. எதிரே வந்தவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கக்கூடும். கொழுந்து பறித்த காசில் அதைக் கட்ட முடியுமா?

பஸ் வசதி போதாது, பள்ளிக்கூடம் தூரம், மோட்டார் இல்லாமல் குடும்பம் நடக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பதினாறு ஆகட்டும், முறையாகப் பழகி லைசென்ஸ் எடுக்கட்டும் என்கிறேன். பெண் பிள்ளைகளுக்கும் இதேதான்.

லைசென்ஸ் வந்த அன்றே பிள்ளை தேறிவிட்டான் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை. நியூசிலாந்தில் 1987 முதல் புதிதாக ஓட்டுகிற இளைஞர்களுக்குப் படிப்படியாகத்தான் உரிமை கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் கட்டம் முடிந்த பிறகும் சில காலம் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக்கூடாது, கூட்டாளிகளை ஏற்றக்கூடாது. நம் நாட்டில் 'பி' லைசென்ஸ் இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் இரவில் போகாதே, கூட்டாளியை ஏற்றாதே என்பதை வீட்டில்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு இருட்டினால் சாவி அப்பாவிடம், மூடுபனி இறங்கினாலும் அப்படியே, பின்னால் கூட்டாளி கிடையாது என்று வையுங்கள். தனியாக நிதானமாகப் போகிற பையன், பின்னால் ஒருவன் உட்கார்ந்து "விடுடா, விடுடா" என்றதும் வேறு ஆளாகி விடுகிறான்.

இறக்கத்தை அப்பாவே பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு உருட்டுகிற பழக்கம் இங்கே நிறையப் பையன்களிடம் இருக்கிறது. இன்ஜின் பிடிமானம் போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் இறங்க வேண்டும்.

நல்ல ஹெல்மெட்டைச் சரியாக அணிந்தால் தலைக்காயம் நூற்றுக்கு 70 வரையும், மரணம் நூற்றுக்கு 40 வரையும் குறைகிறது. அணிவது என்றால் வாரைப் பூட்டுவது. அப்பா அதை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு வருவதை மகன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அதற்குப் பிறகு வாயால் சொல்லும் புத்திமதி எங்கே ஏறும்?

மருத்துவ முறையில் மிக முக்கியமானது ஒன்று. அடிக்குப் பயந்து விழுந்ததையே மறைக்கிற பிள்ளைகள் உண்டு. தலையில் அடிபட்டவன் எழுந்து நடப்பான், "ஒண்ணுமில்லம்மா" என்பான், சோறும் தின்பான். மண்டைக்குள் இரத்தம் கசிந்து சில மணி நேரம் கழித்துக்கூட மயங்கலாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அதிகத் தூக்கம், உளறல், கைகால் தளர்ச்சி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இதில் ஒன்று கண்டாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள். இங்கிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கே மலைப்பாதையில்தான் போக வேண்டும். மண்டை ஆபரேஷன் என்றால் மலையிறங்கி ஈப்போ போன்ற பெரிய ஊருக்கு. நேரம் உயிருக்குச் சமம். அதனால் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: "விழுந்தா வந்து சொல்லுடா, அன்னைக்கு ஏச மாட்டேன்." சொன்னபடி ஏசாமலும் இருங்கள். ரோட்டில் விழுந்து மயங்கிக் கிடப்பவனைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம்.

சங்கக் கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளப் பேச்சோடு, மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேன் வேண்டும் என்பதையும் நிர்வாகத்திடம் கேளுங்கள். வேன் இருந்தால் பாதி வீடுகளில் பையனிடம் சாவி போகாது.

அடுத்த முறை டிஸ்பென்சரிக்கு வரும்போது பிள்ளையின் ஹெல்மெட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். வார் அறுந்திருக்கிறதா, உள்ளே பஞ்சு நைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.