பனிநாட்டு நாயும் பெரம்பலூர் வெயிலும்

குட்டியாக இருக்கும்போது எல்லாரும் கொஞ்சுவார்கள். வளர்ந்த பிறகு வாசலில் கட்டிப் போடுவார்கள். பிறகு ஒரு நாள் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கிய சீமை நாய்கள் பலவற்றின் கதை இதுதான்.

சைபீரியாவின் ஹஸ்கி இனத்துக்கு இந்தக் கதி சற்று விரைவாகவே வருகிறது. நீலக் கண்ணையும் ஓநாய் முகத்தையும் கண்டு மயங்கி வாங்கியவர், அது கூடை கூடையாக முடி உதிர்க்கும் என்பதையோ, ஊளையிடும் என்பதையோ, தோட்டமெங்கும் குழி பறிக்கும் என்பதையோ யோசித்திருக்க மாட்டார். காவலுக்கென்று வாங்கியிருந்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. திருடன் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும் சுபாவம் அதற்கு!

தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், தட்பவெப்பத்தையும் உடல்நலக் கேட்டையும் கருதி இங்கே இனப்பெருக்கம் கூடாதென விலக்கிய இனங்களில் ஹஸ்கியும் ஒன்று. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆனால் இனிப் பிறக்கும் குட்டியைத்தான் அரசாங்கம் தடுக்க முடியும். பிறந்து, வளர்ந்து, எஜமானனையும் இழந்துவிட்ட நாய்க்கு வீடு கொடுக்க யாராவது ஒரு குடும்பம்தான் முன்வர வேண்டும்.

முன்வருகிறவர்கள் குறைவு. 1959-ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் நாய்கள் தத்துக்குக் காத்திருக்கின்றன. போகிறவர்களோ, ‘குட்டி இருக்கிறதா?’ என்றுதான் கேட்கிறார்கள். வளர்ந்த நாய் ஒட்டாது, பழைய வீட்டையே நினைத்துக் கொண்டிருக்கும் என்று ஒரு எண்ணம். இது வெறும் பிரமை.

ஹஸ்கிகளின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் கண்டபோது, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிவெளியில் நாய்கள் மாறி மாறி வண்டி இழுத்து ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தன. கடைசிக் கட்டத்தில் முன்னே ஓடிய பால்டோவுக்கு அதே ஆண்டு நியூயார்க்கில் சிலை எழுந்தது. சிலை வைத்த கை ஈரம் உலர்வதற்குள், 1927-ல், அந்த பால்டோ லாஸ் ஏஞ்சல்ஸில் காசு வாங்கிக் காட்டும் ஒரு மலிவுக் கண்காட்சியில் மெலிந்து நலிந்து கட்டிக் கிடந்தது! அதைப் பார்த்த கிளீவ்லாந்து வியாபாரி ஜார்ஜ் கிம்பிள் மனம் பொறாமல் நிதி திரட்டினார். பள்ளிக் குழந்தைகளும் காசு போட்டார்கள். பால்டோவும் ஆறு தோழர்களும் கிளீவ்லாந்து மிருகக்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தன. அப்போது பால்டோவுக்கு வயது ஏறக்குறைய எட்டு. 1933 வரை அங்கே சௌக்கியமாக வாழ்ந்தது.

வளர்ந்த நாயிடம் ஒரு சௌகரியமும் இருக்கிறது. அதன் உருவமும் குணமும் கண்ணுக்கு முன்னே தெரியும். குட்டியிடம் இரண்டும் சீட்டுக் குலுக்கல்தான். கூச்சமுள்ள நாய் என்றால் பலர் பின்வாங்குகிறார்கள். கூச்சம் வேறு, கெட்ட குணம் வேறு. அதன் மேல் குனிந்து தலையைத் தடவப் போகாமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, வேளை தவறாமல் சோறு வைத்தால் போதும். முதலில் மூலையில் ஒண்டும். பிறகு கிண்ணம் வரை வரும். ஒரு மாலை, முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தை உயர்த்தி நிற்கும். ‘விளையாட வா’ என்பதற்கு நாய்ப் பாஷையில் அதுதான் அழைப்பு. சிலவற்றுக்கு வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். அவசரப்படுகிறவர்கள் இந்தக் காரியத்தில் இறங்க வேண்டாம்.

வெயிலுக்கு அஞ்சாதவர்களும் இறங்க வேண்டாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். சுண்ணாம்புக்கல் பூமி அனலாய்க் கொதிக்கும். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஹஸ்கிக்கோ இரண்டடுக்கு ரோமம். அதை மழித்துவிட்டால் குளிரும் என்று நினைப்பது தவறு. மழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். தகரக் கூரைக் கொட்டகையில் அதைக் கட்டிப்போடுவது கொலைக்குச் சமானம். குளிர்ந்த அறை, விசிறி, ஓயாமல் தண்ணீர், விடியுமுன்னும் அந்தி சாய்ந்த பின்னும் மட்டும் உலா. இவை முடியுமானால்தான் பேச்சு. மதில் உயரமாக இருக்க வேண்டும். ஆடு, கோழி உள்ள வீடு ஆகவே ஆகாது. வேட்டை உணர்ச்சி அதன் இரத்தத்தில் இருக்கிறது.

இத்தனையும் முடியாத குடும்பங்களே இந்த இரண்டு ஜில்லாக்களிலும் அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹஸ்கி கிடக்கும் அதே காப்பகத்தில், அடுத்த கூண்டில் நம் நாட்டு நாய் நிற்கும். இந்த வெயிலும் சோளக்காட்டுக் காவலும் அதற்குப் பரம்பரைச் சொத்து. அதுவும் கூச்சப்படும், அதுவும் விளையாடும். அதைத் தேடித்தான் ஒருவரும் வருவதில்லை.

எதை எடுத்தாலும் வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் ஆகிவிட்டனவா என்று கேட்டு, சான்றை வாங்கிக்கொள்வது அவசியம். ஒரே நாளில் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பார்ப்பது நல்லது. ஹஸ்கிதான் என்று தீர்மானித்தவர்கள் கார்த்திகை, மார்கழியில் அழைத்து வரலாம். சென்னையிலிருந்து இரவில் வண்டி புறப்பட்டால், வெயில் ஏறுமுன் பெரம்பலூர் வந்துவிடும்; கோடை வருமுன் நாயும் வீட்டுக்குப் பழகிவிடும்.