வெள்ளிக்கிழமை இரவும் பாடத்தில் சேரட்டும்

யூத மரபைத் தேடிப் போலந்து போகும் மாணவர் குழுக்களின் பயணத் திட்டம் பலவும் அச்சு வார்த்ததுபோல இருக்கிறது: கிராக்கோவில் இறங்கு, பேருந்தில் ஏறு, ஆஷ்விட்ஸைப் பார், ஊர் திரும்பு. ஆஷ்விட்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாஜிகள் ஏறத்தாழ 11 லட்சம் பேரைக் கொன்ற முகாம் அது. பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு சமூகம் அழிந்த விதத்தை மட்டும் காட்டி, வாழ்ந்த விதத்தைக் காட்டாமல் பிள்ளைகளை அனுப்பிவைப்பது அரைகுறைப் பாடம். கிராக்கோவின் கசிமியெஷ் பகுதியில் யூதர்கள் 400 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் ரெமு தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதையொட்டிய இடுகாட்டில் ஒரு மதில், உடைந்த கல்லறைக் கற்களின் சில்லுகளைப் பதித்தே எழுப்பியது. பக்கத்தில் போய் நின்றால், எபிரேய எழுத்து பாதியிலேயே அறுந்து நிற்பது தெரியும். மாணவர்கள் அங்கே ஐந்து நிமிடமாவது பேசாமல் நிற்கட்டும். பிறகு பக்கத்துச் சதுக்கத்தின் உணவகங்களைத் தாண்டி நடக்கட்டும் (யூத உணவு என்று பலகை மாட்டியதெல்லாம் யூத வீட்டுச் சமையல் ஆகிவிடாது). சில நிமிட நடையில், 2008இல் திறந்த யூத சமூக மையம் இருக்கிறது. அங்கே வெள்ளி இரவு சபாத் (யூதர்களின் வார ஓய்வுநாள்) விருந்தில் உள்ளூர்க்காரர்களோடு வெளியூர் விருந்தாளிகளும் உட்காருகிறார்கள். பயணத் தேதியை அந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்துக் குறியுங்கள். விமானச் சீட்டு நூறு ரூபாய் கூடினால் கூடட்டும்.