கப் வந்தாக் காணுமா? செல்சியின் கணக்குக் கொப்பியும் ரசிகர்களின் வாயும்

செல்சி கழகம் 2024 ஜூன் கடைசியில் தன்ர பெண்கள் அணியை விற்றது. ஆருக்கு? தனக்குத்தான். விற்ற கம்பனிக்கும் வாங்கின கம்பனிக்கும் முதலாளிமார் ஒரே ஆக்கள். ஒரு பொக்கற்றில் இருந்த காசை எடுத்து மற்றப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, "இண்டைக்கு எனக்கு 200 மில்லியன் பவுண் வந்திருக்கு" எண்டு கொப்பியில் எழுதின மாதிரி. அந்த நிதியாண்டுக்கு 128.4 மில்லியன் பவுண் இலாபம் எண்டு கழகம் பிறகு அறிவித்தது. அதுக்குள்ள 198.7 மில்லியன் துணைக் கம்பனியைக் கைமாற்றினதால் வந்த இலாபம். கழித்துப் பாருங்கோ, மிஞ்சுறது 70 மில்லியன் நட்டம்.

இதுக்கு முதல் வருஷமும் இதே கதைதான். அப்ப விலைப்பட்டது ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தோட ஒட்டியிருக்கிற இரண்டு ஹோட்டல்கள். விலை 76.5 மில்லியன் பவுண், வாங்கினது சகோதரக் கம்பனி. அந்த வருஷம் காட்டின நட்டம் 90.1 மில்லியன். ஹோட்டல் வியாபாரம் நடந்திராவிட்டால் அது 166 மில்லியனைத் தாண்டியிருக்கும். பிரீமியர் லீக்கில் மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் வரைக்கும்தான் நட்டப்படலாம் எண்டு ஒரு விதி இருந்தது. ஏன் ஹோட்டலை விற்றார்கள், ஏன் பெண்கள் அணியை விற்றார்கள் எண்டு இதுக்கு மேல விளக்கத் தேவையில்லை.

நாங்கள் செல்சி ரசிகர்கள். எதிரணிக்காரர் எழுதிற நக்கல் பதிவு எண்டு நினைத்து இதைத் தாண்டிப் போகவேண்டாம். எங்களுக்குக் கோவம் முதலாளிமாரில் மட்டும் இல்லை. இதைப் பற்றி ரசிகர் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டால் கீழ வந்து விழுகிற கொமென்ற்றுகளிலும்தான். "மச்சான், கப் வந்தாக் காணும், கணக்கு உனக்கு என்னத்துக்கு?" "லீக்கே ஓம் எண்டு விட்டுட்டுது, நீ ஆர் கேக்க?" "அவையின்ர காசு, அவை என்னவும் செய்வினம்." இருபது வயதுப் பெடியள் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் காசு வாங்காமல் வக்கீல் வேலை பார்க்கிறார்கள். இதைவிட மலிவான வக்கீல்மாரை ஒரு கம்பனிக்கும் கிடையாது.

கப் வந்தது உண்மைதான். 2025 மே மாதம் கொன்பரன்ஸ் லீக், ஜூலை 13 கழக உலகக் கிண்ணம், அதுவும் பரிஸ் அணியை மூன்று கோலால் அடித்து. அந்த இறுதிப் போட்டிக்கு ஒன்பது நாளுக்கு முதல், ஜூலை 4ஆம் திகதி, ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யுயெஃபா செல்சிக்கு 31 மில்லியன் யூரோ தண்டம் போட்டதும் உண்மை. இன்னும் 60 மில்லியன் நிபந்தனையோட தொங்குது. சகோதரக் கம்பனிக்கு விற்கிறதை யுயெஃபா வருமானமாக எடுக்கிறதில்லை. அதே கொப்பி லண்டனில் பாஸ், சுவிற்சர்லாந்தில் ஃபெயில். ஆனால் எங்கட பக்கங்களில் கப் படம் நூறு தரம் ஓடினது. தண்டத்தைப் பற்றி ஒரு வரி வந்தால் அதுக்குக் கீழ சிரிப்புக் குறி.

"சட்டப்படிதானே" எண்டு சொல்லுறவைக்கு ஒரு சின்னத் தகவல். இந்த ஓட்டையை அடைக்கவேணும் எண்டு பிரீமியர் லீக் கழகங்கள் 2024 ஜூனில் வாக்கெடுத்தன. இருபது கழகத்தில் 14 வாக்கு தேவை, கிடைக்கவில்லை. பிறகு எவர்டனும் அஸ்ரன் வில்லாவும் தங்கட பெண்கள் அணிகளை இதே வழியில் கைமாற்றின. சட்டப்படி எண்டது உண்மைதான். அந்தச் சட்டத்தை எழுதுறதும் அடைக்காமல் விடுறதும் அதே முதலாளிமாரின்ர கைதான் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

இந்தக் கதையில் எங்களுக்கு ஆகலும் வலிக்கிற இடம் பெண்கள் அணிதான்.

இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 1921 டிசம்பரில், தன்னோட சேர்ந்த கழகங்களின் மைதானங்களில் பெண்கள் விளையாடக் கூடாது எண்டு தடை போட்டது. ஐம்பது வருஷம் அந்தத் தடை இருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்த ஆட்டம் இது. செல்சி பெண்கள் அணி 2020இலிருந்து 2025 வரைக்கும் தொடர்ந்து ஆறு தரம் லீக் எடுத்தது. பன்னிரண்டு வருஷம் அணியைக் கட்டியெழுப்பின எம்மா ஹேய்ஸ், 2024 மே மாதம் ஓல்ட் ட்ரஃபோர்ட்டில் ஆறு கோல் அடித்து லீக்கை வாங்கிக்கொண்டு விடைபெற்றார். அடுத்த மாதமே அந்த அணி, ஆண்கள் அணிக்கு வாங்கிக் குவித்த வீரர்களால் விழுந்த துண்டை அடைக்கிற ஒரு வரியாகக் கொப்பிக்குள் போனது.

விலை அநியாயம் இல்லை எண்டு ஒரு வாதம் இருக்கு. அதையும் பார்ப்பம். ரெடிற்றைத் தொடங்கினவர்களில் ஒருவரான அலெக்சிஸ் ஒஹானியன் 2025இல் சுமார் 20 மில்லியன் பவுண் குடுத்து ஒரு சிறு பங்கு வாங்கினார். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் அணியின் மதிப்பு 200 மில்லியன் எண்டுறது வானத்திலிருந்து பிடுங்கின இலக்கம் இல்லை. சரி. ஆனால் டெலாய்ட் கணக்குப்படி 2023–24 பருவத்தில் அந்த அணியின் வருமானம் 13.4 மில்லியன் யூரோ. வருமானத்தின் பதினைந்து மடங்குக்கும் மேல விலை போட்டு வாங்குகிற அளவுக்கு அந்தப் பெண்களில் அவ்வளவு நம்பிக்கை எண்டால், அந்த நம்பிக்கை ஏன் நிதியாண்டு முடிகிற கிழமையில் வந்தது? இவ்வளவு பெறுமதியான அணி ஏன் ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத கிங்ஸ்மெடோவில் பெரும்பாலான ஆட்டங்களை விளையாடிக்கொண்டிருந்தது? "பெண்கள் மட்சை ஆர் பாக்கிறது" எண்டு கேட்ட அதே வாயள்தான் இப்ப "200 மில்லியன் பெறும், பெறும்" எண்டு அடிச்சுச் சொல்லுது.

இப்படித் தனக்குத் தானே விற்கிறது எங்க போய் முடியும் எண்டு ஊகிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே முடிந்த இடங்கள் இருக்கு. டேர்பி கவுண்டி கழகத்தின் சொந்தக்காரர் மெல் மொரிஸ், கழகத்தின் பிரைட் பார்க் மைதானத்தைத் தன்ர இன்னொரு கம்பனிக்கு 80 மில்லியன் பவுணுக்கு வாங்கினார். கொப்பியில் அந்த மைதானத்தின் பெறுமதி அதில் அரைவாசிதான். அப்பவும் "முதலாளி கெட்டிக்காரன்" எண்டு சொன்ன ஆக்கள் இருந்திருப்பார்கள். 2021 செப்டெம்பரில் கழகம் நிர்வாகிகளின் கைக்குப் போனது. மொத்தம் 21 புள்ளி வெட்டு, அந்தப் பருவம் முடிய மூன்றாம் தரத்துக்கு இறக்கம். செபீல்ட் வென்ஸ்டேயும் ஹில்ஸ்பரோ மைதானத்தை இதே மாதிரி முதலாளியின் கம்பனிக்கு 60 மில்லியனுக்கு விற்றது. 2025 ஒக்டோபரில் அதுவும் நிர்வாகிகளின் கைக்கு, 12 புள்ளி வெட்டு. அங்க கடைசி வரைக்கும் கேள்வி கேட்டது ரசிகர்கள்தான். ரிக்கெட் வாங்காமல் கதிரைகளை வெறுமையாக விட்டுக் கேட்டார்கள்.

செல்சி டேர்பி இல்லை, பெரிய காசுக்காரர் பின்னால் இருக்கினம் எண்டு சொல்லலாம். பெரிய காசுக்காரர் பின்னால் இருந்து ஒரு நாள் காலையில் இல்லாமல் போனதை நாங்கள் பார்த்தனாங்கள். 2022 மார்ச் 10, பிரித்தானிய அரசு ரோமன் அப்ரமோவிச்சின் சொத்தை முடக்கினது. அண்டையிலிருந்தே கழகம் புது ரிக்கெட் விற்க ஏலாது, கடையில் ஜேர்சி விற்க ஏலாது. அரசாங்கம் குடுத்த விசேட அனுமதியில் ஆட்டம் நடந்தது. 2.5 பில்லியன் பவுணுக்குக் கழகம் கைமாறினது. உக்ரைன் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு எண்டு சொன்ன அந்தக் காசு மூன்று வருஷம் கழிந்த பிறகும் வங்கியில் முடங்கிக் கிடந்தது. பத்தொன்பது வருஷம் "காசு எங்கயிருந்து வருது" எண்டு கேட்டவனைப் பொறாமைக்காரன் எண்டு சொன்ன சனம் அந்தக் கிழமை மட்டும் கொஞ்சம் அமைதி.

அதுக்கும் முதல் ஒரு கதை இருக்கு, எங்கட ஆக்களுக்கு அவ்வளவு தெரியாது. செல்சியின்ர உண்மையான பெருமை எண்டு நாங்கள் நினைக்கிறது இதைத்தான். எண்பதுகளில் மைதான நிலம் வீடு கட்டி விற்கிற கம்பனிக்காரரின் கைக்குப் போய், கழகம் தெருவுக்கு வரப் பார்த்தது. 1992இல் அந்தக் காணிக் கம்பனி முறிந்ததால் தப்பினது, அதுவும் அதிட்டத்தில். இனி ஒருத்தனும் இந்த நிலத்தில் கைவைக்கக் கூடாது எண்டு 1993இல் செல்சி பிச் ஓனர்ஸ் எண்டு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பங்கு 100 பவுண். ரசிகர்கள் வாங்கினார்கள். இண்டைக்கு அந்தப் புல்லுக்குச் சொந்தக்காரர் முதலாளி இல்லை, அந்த ரசிகர்கள். "செல்சி ஃபுட்போல் கிளப்" எண்ட பெயரும் அவையின்ர கையில்தான். கழகம் வேறு இடத்துக்குப் போனால் அவர்கள் சம்மதிக்காமல் அந்தப் பெயரைக் கொண்டுபோக ஏலாது.

2011 ஒக்டோபரில் அப்ரமோவிச்சின் கழகம் அந்த நிலத்தைத் திருப்பி வாங்கக் கேட்டது. கேட்ட ஆள் சாதாரண ஆள் இல்லை. அப்ப மூன்று தரம் லீக் எடுத்துத் தந்த முதலாளி. 75 சதவீத வாக்கு வேணும். கிடைத்தது 61 சொச்சம். இல்லை எண்டுவிட்டார்கள். அடுத்த மே மாதம் மியூனிக்கில் செல்சி சாம்பியன்ஸ் லீக் எடுத்தது. இல்லை எண்டு சொன்னவர்களும் அதே மாதிரித்தான் துள்ளியிருப்பார்கள். கணக்குக் கேட்கிறதும் கோலுக்குத் துள்ளுறதும் ஒரே ஆளால் ஏலும்.

அப்படிக் கேட்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம். 2023இல் ஒரு சூதாட்டக் கம்பனியின் பெயரை ஜேர்சியில் போடப் பேச்சு நடந்தது. செல்சி சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு, பெரும்பாலானவர்களுக்கு விருப்பமில்லை எண்டு வெளியில் சொன்னது. அந்த ஒப்பந்தம் நடக்கவில்லை. 2025இல் அதே அமைப்பு பிரீமியர் லீக்குக்கு இன்னொரு கடிதம் எழுதினது. கழகத்தின் தலைவர் டொட் போலி, அப்ப விவிட் சீற்ஸ் எண்ட அமெரிக்க ரிக்கெட் மறுவிற்பனைக் கம்பனியில் முதலீட்டாளராகவும் பணிப்பாளராகவும் இருந்தார். அந்தத் தளத்தில் செல்சி ஆட்டத்துக்கான ரிக்கெட்டுகளே உண்மையான விலையை விடப் பல மடங்குக்குப் போனது. ஒரு பக்கம் கறுப்புச் சந்தையில் ரிக்கெட் வாங்காதேங்கோ எண்டு ரசிகருக்குப் புத்தி சொல்லுற கழகம், மற்றப் பக்கம் அப்படியொரு சந்தையில் பங்கு வைத்திருந்த தலைவர். இதைக் கேட்டவர்களையும் எங்கட பக்கங்களில் "எப்பவும் அழுகிறவை" எண்டுதான் எழுதினார்கள்.

பிரான்சுக்குப் போங்கோ. செல்சியின் முதலாளிக் கம்பனி 2023 ஜூனில் ஸ்ட்ராஸ்பூர்க் கழகத்தை வாங்கினது. இளம் வீரர்கள், காசு, ஐரோப்பியப் போட்டிக்கான இடம் எல்லாம் வந்தது. அப்படியிருந்தும் மைனோ மைதானத்தில் தீவிர ரசிகர்கள் ஆட்டத்தின் முதல் பதினைந்து நிமிஷம் வாய் திறக்காமல் நின்றார்கள். 2011இல் அந்தக் கழகம் முறிந்து ஐந்தாம் தரத்துக்கு விழுந்தது. ஊர்க்காரர்தான் தூக்கி நிறுத்தினார்கள். முறிந்த கழகத்தைச் சுமந்தவனுக்குத் தங்கட அணி இன்னொரு அணியின் வீரர் பண்ணையாகிறது எண்டால் என்னெண்டு தெரியும். வெற்றி வருகிற நேரத்திலயே கேட்கிறார்கள். தோற்ற பிறகு கேட்கிறது லேசு.

"அது லண்டன், அது பிரான்ஸ், இஞ்ச இருந்து நாங்கள் கேட்டு என்ன?" எண்ட கேள்விக்கு வருவம். ஊர் விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போன எவருக்கும் தெரியும். பொருளாளர் கணக்கு வாசிப்பார். பந்தல்காரனுக்கு எவ்வளவு, லைற்காரனுக்கு எவ்வளவு, வெளிநாட்டிலிருந்து வந்த அன்பளிப்பில் மிச்சம் எங்க எண்டு பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழும்புவார். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சண்டை பத்து மணி வரைக்கும் போகும். கேட்டவர் கழகத்துக்குத் துரோகி எண்டு ஆரும் சொல்லுறதில்லை. அடுத்த நாள் அவர்தான் கோல் போஸ்ற்றுக்கு வெள்ளையடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாயிரம் ரூபாய்க்கு எழும்பத் தெரிஞ்ச சனத்துக்கு 200 மில்லியன் பவுணைக் கண்டதும் ஏன் வாய் அடைக்குது?

அதோட நாங்கள் வெளியாக்களும் இல்லை. "உலகம் முழுக்க எங்களுக்கு இவ்வளவு ரசிகர்" எண்டு விளம்பரக் கம்பனிகளுக்குக் கழகங்கள் காட்டுகிற இலக்கத்துக்குள்ள நாங்களும் ஒரு தலை. அவர்கள் விற்கிற பொருளில் எங்கட நித்திரை முழிப்பும் இருக்கு.

அடுத்த பெரிய கேள்வி மைதானம். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் சுமார் 40,000 பேர்தான் கொள்ளும். அதை உடைத்துக் கட்டுவதா, ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் புதிதாகக் கட்டுவதா எண்டு பேச்சு நடக்குது. எப்படிப் பார்த்தாலும் பில்லியன் கணக்கில் செலவு, கடன், திரும்பவும் கொப்பி வித்தை. இடம் மாறுறதெண்டால் பெயருக்காகப் பிச் ஓனர்ஸிடம் வாக்குக் கேட்கவேண்டி வரும். அந்த நேரம் 3D படங்களும் வீடியோக்களும் எங்கட ரைம்லைனை நிரப்பும், "இல்லை எண்டு வாக்குப் போடுற கிழவர்களுக்கு விசர்" எண்டு பதிவுகள் வரும். பகிரமுதல் காசு ஆரின்ர, கடன் ஆரின்ர பெயரில், நிலம் கடைசியில் ஆரின்ர கையில் எண்டு மூன்று கேள்வியை அந்தப் பதிவுக்குக் கீழ போடுங்கோ. நாங்களும் போடுவம்.