விடிஞ்சா சரியாயிடுமா?

"ஒண்ணும் யோசிக்காத, படு. எல்லாம் விடிஞ்சா சரியாயிடும்."

ராத்திரியில மனசு ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கிற ஆளுகிட்ட சொல்ல நம்ம ராமநாதபுரம் சீமையில இருக்கிற ஒரே வசனம் இதுதான். சொல்றவங்க பாசத்தோடதான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனாலும் இந்த வசனத்து மேல எனக்கு ரொம்ப வருஷக் கோவம். ஏன்னு இந்தப் பதிவுல சொல்லிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு தேதி. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. விடியக்காலை அஞ்சு மணி வாக்குல மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சுது. அது ஒரு கூரைக் கொட்டகை. உள்ளே நாப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரும்பாலானவங்க கால்ல சங்கிலி. ஓட முடியல. 28 பேர் செத்துப் போனாங்க. விடியறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி இருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். டெல்லி வரைக்கும் பேச்சு. அந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் ஒரே வாரத்துல இழுத்து மூடினாங்க. 500-க்கும் மேற்பட்டவங்களை அரசு பொறுப்புல எடுத்துக்கிட்டாங்க. ராமதாஸ் கமிஷன் விசாரிச்சுது. உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்து, 2002 பிப்ரவரியில உத்தரவு போட்டுச்சு. சங்கிலியில கட்டறது சட்டவிரோதம், மனநோயாளிகளைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அனுப்பாம டாக்டர்கிட்ட அனுப்பணும், இதை கிராமம் கிராமமா மக்களுக்குச் சொல்லணும்னு அதுல இருக்கு. உரிமையாளர் உள்பட நாலு பேருக்கு 2007-ல 7 வருஷ சிறைத்தண்டனை கிடைச்சுது. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்துலயும் சங்கிலி கூடாதுன்னே எழுதி வெச்சிருச்சு.

சரி, முடிஞ்சுதா? இல்லைங்கறதுதான் என் கட்சி.

ஏர்வாடியைப் பத்திப் பேசறவங்க ரெண்டு வகை. ஒருத்தர் "படிக்காத ஜனங்களோட மூடநம்பிக்கை"ன்னு முடிச்சுக்குவார். இன்னொருத்தர் "காசுக்கு அலைஞ்ச சில பேரோட அக்கிரமம்"ம்பார். ரெண்டுலயும் உண்மை இருக்கு. ஆனா ரெண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேக்கறதில்ல. அந்தச் சங்கிலி எதுக்கு?

யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷன் ராத்திரி தூங்காம எந்திரிச்சு நடக்கிறான், அழுவறான், கத்தறான், எங்கயாவது போயிடறான். அவன்கூட முழிச்சிருக்க ஒரு ஆள் வேணும். வீட்டுல பத்து நாள் முழிச்சாங்க, இருபது நாள் முழிச்சாங்க. அதுக்கப்புறம் முடியல. மறுநாள் வேலைக்குப் போகணுமே. அதனால கொண்டு போய் ஏர்வாடியில விட்டாங்க. அங்க நடத்தினவனுக்கும் ராத்திரி தூங்கணும், முழிச்சிருக்க ஆள் வெச்சா சம்பளம் கொடுக்கணும். சங்கிலிக்கு சம்பளம் வேண்டியதில்ல. அவ்வளவுதான் விஷயம். ராத்திரிக் காவலுக்கு ஆள் போடாம மிச்சம் பிடிச்ச காசுதான் அந்தச் சங்கிலி.

தர்காவைக் குறை சொல்றேன்னு யாரும் கம்பை எடுத்துக்கிட்டு வராதீங்க. அந்தக் கொட்டகைகளை நடத்தினது தனியார்கள். அங்க வர்றவங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தர்காவுல தங்கினா ஒருநாள் கனவுல உத்தரவு வரும், உத்தரவு வந்தா வீட்டுக்குப் போகலாம். மாசக்கணக்கா, வருஷக்கணக்கா அந்தக் கனவுக்காகக் காத்திருந்தவங்க உண்டு. நம்பிக்கை அவங்கவங்க உரிமை. ஆனா கனவு வரணும்னா முதல்ல தூக்கம் வரணும் இல்லியா? அந்தத் தூக்கமே கெட்டுப் போனதுதானேய்யா வியாதி!

"அங்க இருந்தவங்களுக்கு இருந்தது பெரிய மனநோய். சாதாரண மனச்சோர்வுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. வியாதி வேற வேறதான், ஒத்துக்கறேன். நாம நடத்தற விதம் ஒண்ணுதான். ராத்திரியில கஷ்டப்படறவனை விடியற வரைக்கும் எப்படியாவது ஓரங்கட்டி வெச்சிடணும். அங்க அதுக்கு இரும்புச் சங்கிலி. வீட்டுல "படு, விடிஞ்சா சரியாயிடும்."

எனக்கும் அது வந்துச்சு. சில வருஷம் முன்னாடி, ஆறேழு மாசம். பகல்ல வேலை பார்த்தேன், டீக்கடையில அரட்டை அடிச்சேன். சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துல நெஞ்சுக்குள்ள ஒரு கல்லை வெச்ச மாதிரி ஆரம்பிக்கும். பதினோரு மணிக்கு அது பாறாங்கல். ரெண்டு மணிக்கு "நீ இருந்து என்ன பிரயோஜனம்?"னு மனசே எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி கேள்வி கேக்கும். காலையில வெயில் அடிச்சா பாதி குறைஞ்சிடும். அந்த நிலமையில ஒரு டாக்டரைப் பார்க்கப் போனேன் (ஊர், பேர் வேண்டாம்). என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நல்லாத்தானே இருக்கீங்க? டீவியை அணைச்சிட்டு சீக்கிரம் படுங்க"ன்னார். பகல் பதினொரு மணிக்கு நான் நல்லாத்தான் இருந்தேன். அவரை ராத்திரி ரெண்டு மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லவா முடியும்? இன்னொரு டாக்டர், "ராத்திரி எப்படி இருக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கதான் வைத்தியம் ஆரம்பிச்சுது.

இனி இந்த விஷயத்துல நம்ம ஆளுங்க வழக்கமா விடற டயலாக்குகளை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

1. "பகல்ல நல்லாத்தானே இருந்தே? நடிக்கிறியா?"

இல்லைங்க சாமி. மனச்சோர்வுக்கு நேரங்காலம் உண்டு. சில பேருக்கு விடியக்காலை மூணு நாலு மணிக்கு முழிப்பு வந்து காலை வேளைதான் மோசமா இருக்கும், சாயங்காலம் தேவலாம். சில பேருக்கு அப்படியே தலைகீழ். ராத்திரியில உடம்பு அசந்து போகுது, பேச்சுத்துணை இல்ல, ஒரே நினைப்பு செக்கு மாடு மாதிரி சுத்துது. நள்ளிரவைத் தாண்டி முழிச்சிருக்கிற மூளை கெட்டதையே பெருசாப் பார்க்கும், நிதானம் குறையும்னு 2022-ல அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு கருத்தை முன்வெச்சாங்க. தற்கொலைகளையும், அந்தந்த நேரத்துல எத்தனை பேர் முழிச்சிருக்காங்கங்கறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஆபத்து அதிகம் ராத்திரியிலதான்னு அதுக்கு முன்னாடியே காட்டியிருக்காங்க. ஆக, ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு சொல்றது தீர்ப்பு இல்ல. அசந்து போன மூளையோட புலம்பல்.

2. "இதெல்லாம் பணக்கார வியாதி. உழைக்கிறவனுக்கு எங்க மனச்சோர்வு?"

இதைச் சொல்றவங்க ஒருநாள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ராத்திரி நடந்து பாருங்க. போட்டு கடலுக்குப் போன ராத்திரி எத்தனை வீட்டுல விளக்கு அணையாம இருக்குன்னு பாருங்க. இலங்கை நேவி பிடிச்சுச்சா, போட்டு போச்சா, கடன் என்னாகும்... விசைப்படகு போறதே வாரத்துல மூணு நாள். அதுல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வேற. வருமானம் நிக்கும், வட்டி நிக்காது. ராத்திரி கடல், பகல்ல தூக்கம்னு தூக்கமும் தலைகீழ். ஒரு மீனவ வீட்டு அம்மா எங்கிட்ட சொன்னது: "பகல்ல ஒண்ணும் இல்லண்ணே. கருவாடு காயப்போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருப்பேன். ராவானாதான் எதுக்கு உசுரோட இருக்கோம்னு வருது." கடலுக்குப் போன புருஷனை நெனச்சு பயப்படறது வியாதி இல்ல, நியாயமான பயம். ஆனா அவர் கரையேறி வீட்டுல இருக்கிறப்பவும் ரெண்டு வாரத்துக்கு மேல அதே இருட்டு, எதுலயும் பிடிப்பில்ல, தூக்கமில்ல, சோறு இறங்கலன்னா அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம்.

3. "தொழுங்க, கும்பிடுங்க, எல்லாம் போயிடும்."

தொழுங்க. கும்பிடுங்க. ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடுங்க. மாத்திரையையும் சாப்பிடுங்க. ஏர்வாடியிலயே இப்ப "தவா - துவா"ன்னு மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து போற திட்டம் வந்திருக்கு. குஜராத்துல ஒரு தர்காவுல முதல்ல செஞ்சு பார்த்தது அது. 28 பேர் செத்த ஊரே கத்துக்கிட்டதை நாம கத்துக்கக் கூடாதா?

4. "மாத்திரை போட்டா அடிமையாயிடுவே."

இதைச் சொல்ற அதே ஆள்தான் மெடிக்கல் ஷாப்புல சீட்டு இல்லாமத் தூக்க மாத்திரை வாங்கி, அரை அரையா உடைச்சுப் போடறார்! அடிமையாக்கறது அதுதான். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுக்கிற மருந்து வேற ரகம். வேலை செய்ய ரெண்டு மூணு வாரம், சில சமயம் இன்னும் கூட ஆகும். பொறுமை வேணும், டாக்டரைக் கேக்காம சட்டுன்னு நிறுத்தக் கூடாது. சில பேருக்கு மருந்தே வேண்டாம், பேச்சு சிகிச்சை போதும். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் சோர்வு இப்படிப் படுத்தும், அதையும் பார்த்துடணும். அப்புறம் "ஒரு கட்டிங் போட்டா தூக்கம் வரும்"ங்கற வைத்தியம்... தூக்கம் வரும், மூணு மணிக்கு எழுப்பியும் விட்டுடும், அதுவும் ரெண்டு மடங்கு இருட்டோட.

நிம்ஹான்ஸ் 2015-16-ல நடத்தின தேசிய மனநலக் கணக்கெடுப்புல தமிழ்நாடும் உண்டு. மனச்சோர்வு உள்ளவங்கள்ல நூத்துக்குச் சுமார் 85 பேர் எந்த வைத்தியமும் பார்க்கலன்னு அதுல வந்துச்சு. காரணம் மேல சொன்ன நாலு டயலாக் மட்டும் இல்ல, ஆஸ்பத்திரி நேரமும்தான். மனநல ஓ.பி. காலையில. ராமேஸ்வரத்துலேர்ந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போகும். போய் உட்காரும்போது மனசு தெளிஞ்சிருக்கும், "ஒண்ணுமில்ல டாக்டர்"னு சொல்லிட்டு வந்துடுவோம். நோய் ராத்திரி டூட்டி பார்க்குது, வைத்தியம் பகல் டூட்டி பார்க்குது. ரெண்டும் எப்படிச் சந்திக்கும்?

2022-ல ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. 2021-லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. நல்ல விஷயம், பாராட்டறேன். அதே வாசல்ல நின்னு ரெண்டே ரெண்டு கேள்வி கூடக் கேட்டா என்ன? "ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கிடக்கா? எதுலயாவது ஆசை, பிடிப்பு இருக்கா?" உலகம் பூரா முதல் கட்டமாக் கேக்கற கேள்விகள்தான் இது. மூணாவதா நம்ம பங்குக்கு "ராத்திரி எப்படி?"ன்னு சேர்த்துக்கலாம். வாரத்துல ஒருநாள், போட்டு போகாத நாளாப் பார்த்து, சாயங்கால ஓ.பி. ஒண்ணு ராமேஸ்வரத்துல வைக்கலாம். இதுக்கெல்லாம் கமிஷன் வேண்டாம், மனசு இருந்தா போதும்.

சரி, அரசாங்கம் செய்யற வரைக்கும் ராத்திரியை எப்படித் தள்றது? எனக்கு உதவினதைச் சொல்றேன். இது வைத்தியத்தோட சேர்த்துத்தான், வைத்தியத்துக்குப் பதிலா இல்ல.

- தூக்கம் வரலன்னா படுக்கையில புரண்டுகிட்டே கிடக்காதீங்க. இருபது நிமிஷம் போல ஆனா எந்திரிச்சு வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உட்காருங்க. கண்ணு சொருகினா திரும்பப் படுங்க.
- எப்ப படுத்தாலும் எந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கட்டும். காலை வெயில் மேல படட்டும்.
- சாயங்காலத்துக்கு மேல டீ, காபி வேண்டாம். மத்தியானம் நீளமாத் தூங்காதீங்க.
- ராத்திரி பத்து மணிக்கு மேல வாழ்க்கையைப் பத்தி எந்த முடிவும் எடுக்காதீங்க. தோணுறதைக் காகிதத்துல எழுதி வெச்சு, காலையில படிச்சுப் பாருங்க.
- "எந்த நேரமானாலும் கூப்பிடு"ன்னு சொல்ற ஒரு ஆளைப் பகல்லயே பேசி ஏற்பாடு பண்ணிக்குங்க. நடுராத்திரியில ஆள் தேட முடியாது.
- சாகணும்னு நினைப்பு வந்தா, கைக்கெட்டற ஆபத்தான எதையும் வீட்டுல வேறொருத்தர்கிட்ட ஒப்படைச்சிடுங்க. தனியா இருக்காதீங்க. யாரையாவது எழுப்புங்க. தூக்கம் கெட்டா அவங்களுக்குப் பரவாயில்ல.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "படு, விடிஞ்சா சரியாயிடும்"ங்கறதுக்குப் பதிலா, "என்ன பண்ணுது? நான் இங்கதான் இருக்கேன்"னு சொல்லி பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க. அறிவுரை வேண்டாம், சும்மா உட்காருங்க. காலையில மறந்துடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அங்க அவர் "ஒண்ணுமில்ல"ன்னு மழுப்பினா, ராத்திரி நடந்ததை நீங்க சொல்லுங்க. மாசக்கணக்கா நீங்க மட்டுமே முழிச்சா நீங்களும் படுத்துடுவீங்க, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சின்னு முறை போட்டுக்குங்க.

விடியல் தானா வந்துடும், அதுல நம்ம சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. அது வரைக்கும் கூட யார் முழிச்சிருக்காங்கங்கறதுதான் கேள்வி. ஏர்வாடியில அந்த ராத்திரி யாரும் முழிச்சிருக்கல.

பி.கு: 14416. டெலிமானஸ். 2022 அக்டோபர் 10-லேர்ந்து இயங்கற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழ்லயே பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. இந்த நாலு வரியை மட்டுமாவது உங்க ஊர் படகுத்துறையிலயும், சர்ச், பள்ளிவாசல், கோயில் வாசல்லயும் எழுதி ஒட்டினீங்கன்னா இந்தப் பதிவை எழுதினதுக்குப் பலன் கிடைச்ச மாதிரி.