வாழ்நாட் கணிப்பு

பெருங்குடலிற் புற்றுநோய் கண்டோர் மருத்துவரை வினவுவது, "இன்னும் எத்துணைக் காலம்?" என்பதே. அதற்கு விடை காணும் முயற்சி பழையது. 1932 ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையினராகிய கத்பர்ட் டியூக்ஸ் என்பார், மலக்குடற் புற்றினைக் குடற்சுவரினுள் அடங்கியது, சுவரைக் கடந்தது, நிணநீர்க் கணுக்களைப் பற்றியது என மூவகைப்படுத்தினர். பின்னர் அம்முறை பெருங்குடலுக்கும் கொள்ளப்பட்டது. அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, குடலளவில் நின்ற நோயினருள் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு 90 பேரளவினர்; தொலைவுறுப்புகளிற் பரவிய நோயினருள் 15 பேரளவினரே.

இக்காலத்து மரபணுக்களும் இக்கணக்கிற் புகுந்துள்ளன. பிராஃப் என்னும் மரபணுவிற் குறிப்பிட்ட ஒரு மாறுதல் காணின், பரவிய நோயில் வாழ்நாள் குறுகுதல் பெரும்பான்மை. இதனாற் சிலர், மரபணுவே தலையெழுத்து, ஏனைய ஆராய்ச்சி மிகையென்பர். யாம் அதற்கு உடன்படோம். அறுத்தெடுத்த குடற்பகுதியிற் குறைந்தது 12 கணுக்களையேனும் தேடி ஆராய்தல் வேண்டுமென்பது மருத்துவர் கொண்ட அளவு. நான்கைந்தே பார்த்து, "கணுக்களில் நோயில்லை" என எழுதிவிடின், அப்பிழையின்மேற் கட்டும் கணிப்பு, எத்துணை மரபணுக்களை எண்ணினும் நேராகாது. கத்தியும் பொறுமையும் கொண்டு செய்யும் அவ்வெளிய வேலையை யாரும் புகழ்வதில்லை!

மேலும், ஒரு குறி எக்காலத்தும் ஒரே பொருள் தருவதன்று. மரபணுப் படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் கெட்ட கட்டிகள் சில உள. சுவரைக் கடந்தும் கணுக்களை எட்டாத நிலையில் அது நற்குறி. அத்தகையோர்க்குப் புளூரோயூராசில் மருந்தினைத் தனியே செலுத்துவதாற் பயனின்மையும் தெளியப்பட்டது. தொலைவிற் பரவியபின்னரோ, அதுவே நெடுங்காலம் தீக்குறியாக இருந்தது. 2020 ஆம் ஆண்டில், அத்தகைய நோயினர் 307 பேரிடை நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. பழைய மருந்துகளால் நோய் மேலும் வளராது நின்ற காலத்தின் நடுவளவு 8.2 மாதம், உடலின் காப்பாற்றலைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் மருந்தினால் அது 16.5 மாதமாயிற்று. கட்டி மாறவில்லை, மருந்தே மாறிற்று. முன்னைய அட்டவணையை விரித்து அந்நோயினரிடம் நாளெண்ணிச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

சோதிடர் பிறந்த நாழிகையைக் கொண்டு கணிப்பர். இவ்வட்டவணையோ, முன்னர் நோயுற்று அக்காலத்து மருந்தினையே உண்டாரைக் கொண்டு கணிக்கின்றது. ஆதலின், கணிப்பினை ஒளித்தல் வேண்டுமென்று யாம் சொல்லோம். மருந்தைத் தெரிதற்கு அது இன்றியமையாதது. ஆயின் எண்ணைக் கூறும் மருத்துவர், அவ்வெண் எவ்வாண்டினர், எம்மருந்துண்டார் என்பதையும் உடன் கூறுக. ஆராய்ந்த கணுக்களின் தொகையையும், திருத்தும் ஆற்றலைச் சோதித்தனரா என்பதையும் நோயாளர் தாமே கேட்டறிக.